வெளிநாட்டு ஆலை வந்தால் இரண்டு நாடுகள் நெருங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டில் ஆலை கட்டப் போகிறது என்று அறிவிப்பு வந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். இரு நாட்டு உறவில் புதிய அத்தியாயம் என்று மேடையில் சொல்வார்கள். நம்மைச் சுரண்ட வருகிறார்கள் என்று மேடைக்குக் கீழே சொல்வார்கள். நடுவில் நிஜமாக என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

அந்நிய நேரடி முதலீடு என்று எதைச் சொல்கிறார்கள்? பங்குச் சந்தைக்கு வரும் வெளிநாட்டுப் பணமும் அதுதானா?

இல்லை. பன்னாட்டுக் கணக்கு முறைப்படி, ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் குறைந்தது 10 சதவீதத்தை வேற்று நாட்டு முதலீட்டாளர் வைத்திருந்தால்தான் அது நேரடி முதலீடு. அதற்குக் கீழே இருந்தால் பங்கு முதலீடு என்ற கணக்கில் போகும். காலையில் பங்கை வாங்கி மாலையில் விற்றுவிட்டுப் போகலாம். அஸ்திவாரம் தோண்டி, பிரஸ் மெஷினை இறக்கி, ஆயிரம் பேரை வேலைக்கு எடுத்தவர் அப்படிக் கிளம்ப முடியாது. நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாத இந்த நிலைதான் உறவுக்கு அடிப்படை.

பொருளை வாங்கி விற்றாலே உறவு வளருமே, ஆலை எதற்கு?

வளரும். ஆனால் வெறும் கொள்முதலுக்கு இரண்டு பக்கமும் நான்கைந்து பேர் பேசிக்கொண்டால் போதும். ஆலை என்றால் நூற்றுக்கணக்கானவர்கள் தினமும் பேசியாக வேண்டும், அதுவும் கையில் பொருளை வைத்துக்கொண்டு.

ஒரு பிளாஸ்டிக் பாகத்துக்கான மோல்டை, அதாவது வார்ப்பு அச்சை, எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு கிலோ எடையுள்ள எஃகுக் கட்டை. துரு ஏறாமல் இருக்க எண்ணெய் பூசி, மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்து, தாய் நிறுவனத்தின் நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதைப் பொருத்த ஒரு டெக்னீஷியன் விமானத்தில் வருகிறார். முதலில் அடித்த பாகத்தின் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கிறது. அவர் விரலால் தடவிப் பார்க்கிறார். மோல்டின் இரண்டு பாதிகளும் சேரும் முகத்தில் நீல மை பூசி, மூடித் திறந்து, மை ஒட்டாத இடத்தைக் காட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் ஃபிட்டருக்கு அவருடைய மொழி தெரியாது, ஆனால் மை எங்கே ஒட்டவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

முதல் வருஷம் அந்த மோல்டு பழுதானால் பெட்டி கட்டித் திருப்பி அனுப்புவார்கள். பிறகு டெக்னீஷியன் மட்டும் வந்து போவார். இன்னும் சில வருஷத்தில் ஆலைக்குப் பக்கத்திலேயே யாரோ ஒருவர் டூல் ரூம் போட்டிருப்பார், பழுது அங்கேயே தீர்ந்துவிடும். ஒருநாள், புது மோல்டையே செய்து தர முடியுமா என்று தாய் நிறுவனம் அவரைக் கேட்கும். எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை. நடக்கிற இடத்தில் உறவு வேர் பிடிக்கிறது. நடக்காத இடத்தில், எத்தனை கோடி போட்டிருந்தாலும், ஆலை தனித் தீவாகவே நிற்கும். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதையேதான் வேறு வேறு இடங்களில் வைத்துப் பார்க்கின்றன.

ஒரு நிறுவனம் ஏன் சொந்த நாட்டை விட்டு வெளியே ஆலை கட்டுகிறது? குறைந்த கூலிக்காகத்தானே?

கூலி ஒரு காரணம், பல சமயம் முதல் காரணம் அல்ல. 1981-ல் அமெரிக்காவின் நெருக்குதலால், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அங்கே அனுப்புவதில்லை என்று ஜப்பான் தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டே ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் ஹோண்டா கார் தயாரிக்கத் தொடங்கியது. கூலி அங்கே குறைவு இல்லையே! வாடிக்கையாளர் அங்கே இருந்தார், எல்லையில் தடை வரும் போலிருந்தது, ஆகவே ஆலை எல்லையைத் தாண்டியது. 1985 செப்டம்பரில், டாலர் மதிப்பைக் குறைக்கப் பெரிய நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்பாடு வந்து யென் மதிப்பு வேகமாக ஏறியதும் ஜப்பானில் செய்து ஏற்றுமதி செய்வதே கட்டுபடியாகாமல் போனது. அதன் பிறகு ஜப்பானிய ஆலைகள் அமெரிக்காவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் கூட்டமாகக் கிளம்பின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கக் கார் தொழிலின் மையமான டெட்ராய்ட்டில் ஜப்பானியக் கார்களைச் சுத்தியலால் உடைத்துப் படம் எடுத்துக்கொண்ட காலம் அது. கென்டக்கியிலும் டென்னசியிலும் ஒஹாயோவிலும் அதே கம்பெனிகளின் சீருடையை அமெரிக்கர்கள் போட ஆரம்பித்ததும், அந்த மாநிலங்களின் ஆளுநர்களே டோக்கியோவுக்கு விமானம் ஏறினார்கள். தூதரகங்கள் எட்ட முடியாத இடத்தைச் சம்பளச் சீட்டு எட்டியது.

ஆலையோடு கூட வேறு என்னென்ன வருகிறது?

முதலில் சப்ளையர்கள். பெரிய கம்பெனி போகும் இடத்துக்கு அதன் உதிரிபாகக் கம்பெனிகளும் பின்னாலேயே போகும். அவர்களுக்குக் கடன் கொடுக்கும் சொந்த நாட்டு வங்கி கிளை திறக்கும். சரக்குக் கம்பெனி வரும், நேரடி விமானம் வரும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வரும்.

வியட்நாமையும் தென் கொரியாவையும் பாருங்கள். வியட்நாம் போரில் கொரியப் படைகள் ஒரு பக்கம் நின்று சண்டையிட்டன. அந்தக் காயம் ஆறாத நிலையில்தான் 1992-ல் தூதரக உறவு தொடங்கியது. 2000-களின் கடைசியில் சாம்சங் பாக் நின் மாகாணத்தில் போன் ஆலை போட்டது, பிறகு தாய் நுயென் மாகாணத்தில் இன்னொன்று. சாம்சங் உலகுக்கு விற்கும் போன்களில் ஏறக்குறைய பாதி அங்கேதான் தயாரானது. 2015 டிசம்பரில் இரு நாட்டுத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. 2022 டிசம்பரில் உறவு, வியட்நாம் தரும் மிக உயர்ந்த தூதரக நிலைக்கு ஏறியது. அதே மாதம் ஹனோயில் சாம்சங்கின் பெரிய ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது. ஒப்பந்தம் வந்ததால் ஆலை வந்தது என்று சொல்வதைவிட, ஆலைகளின் அன்றாடத் தேவைகள் ஒப்பந்தங்களை இழுத்து வந்தன என்பதுதான் சரியாகப் படுகிறது.

அப்படியானால் ஏற்றுமதிப் புள்ளிவிவரம் ஏறுவதைப் பார்த்தே உறவு வலுக்கிறது என்று சொல்லிவிடலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்த விஷயத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

100 ரூபாய்க்கு ஒரு பொருளை ஏற்றுமதி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் 85 ரூபாய் பாகங்கள் வெளியிலிருந்து வந்தவை என்றால், உங்கள் நாட்டில் சேர்ந்த மதிப்பு 15 ரூபாய். அதிலும் லாபமும் ராயல்டியும் வெளியே போகும். சுங்கத்துறையின் பதிவேட்டில் மட்டும் 100 என்றே இருக்கும். வர்த்தகப் பற்றாக்குறை என்று இரு நாடுகள் சண்டை போடும்போது பல சமயம் இந்த 100-ஐ வைத்துத்தான் சண்டை. மூன்றாவது நாட்டில் செய்த சிப்புக்கும் திரைக்கும் கடைசியாக ஒன்றுசேர்த்த நாடு திட்டு வாங்குகிறது.

அயர்லாந்து இதை வேறு விதத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. 2015-ம் ஆண்டில் அந்த நாட்டுப் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாக மறு ஆண்டு கணக்கு வெளியானது. தெருவில் யாருக்கும் அப்படி ஒரு வளர்ச்சி தெரியவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதும், வேறு நாடுகளில் ஒப்பந்தத்துக்குச் செய்த பொருள்கள் அயர்லாந்து ஏற்றுமதியாகப் பதிவானதும்தான் முக்கியக் காரணம். அதன் பிறகு, இந்த விளைவுகளைக் கழித்துவிட்டுப் பார்க்கும் தனி அளவுகோலையே அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2017-லிருந்து வெளியிட்டு வருகிறது. இவ்வளவு நேர்மையாகக் கணக்கைத் திருத்திக்கொள்ளும் நாடுகள் குறைவு. அதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

தொழில்நுட்பமும் கூடவே வந்துவிடும் என்கிறார்கள். நிஜமா?

இயந்திரம் வரும். தொழில் ஆட்களோடுதான் வரும். இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் வங்கதேசம்.

1970-களில் பல இழை ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின் கீழ், பணக்கார நாடுகள் கொரியா போன்ற நாடுகளின் துணிமணி ஏற்றுமதிக்குக் கோட்டா போட்டன. கோட்டா இல்லாத ஒரு நாடு கொரியாவின் தேவூ நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது. சிட்டகாங்கில் நூருல் காதர் என்ற முன்னாள் அரசு அதிகாரி தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார். கண்டிப்பாகச் சொன்னால் இது நேரடி முதலீடு இல்லை. தேவூ பயிற்சி தரும், இயந்திரம் வாங்கித் தரும், சரக்கை விற்றுத் தரும், விற்பனையில் பங்கு எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு.

1979-ல் தேஷ் நிறுவனத்தின் 130 பேர் பூசான் நகரத்தில் இருந்த தேவூ ஆலைக்குப் போனார்கள். ஆறு மாதம் தங்கி, தையல், கட்டிங், தரச் சோதனை, லைனில் வேலையைப் பிரித்து அடுக்கும் முறை, வெளிநாட்டு வியாபாரியோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் கற்றார்கள். திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டுப் போனார்கள். சிலர் சொந்தமாக ஆலை வைத்தார்கள், சிலரைப் புது முதலாளிகள் அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டார்கள். தேஷுக்கு அது நஷ்டமாகத் தோன்றியிருக்கும். நாட்டுக்கு அது விதைப்பு. இன்று உலகின் முன்னணி ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர்களில் ஒன்றாக வங்கதேசம் நிற்பதற்குத் தொடக்கப் புள்ளி அந்தப் பயணம்.

இதில் இன்னொரு பாதியும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. துணியை இறக்குமதி செய்யக் கையில் அந்நியச் செலாவணி இல்லை. வெளிநாட்டு வியாபாரி ஆர்டரோடு அனுப்பும் கடன் உறுதிக் கடிதத்தையே (சரக்குக்குப் பணம் தருவதாக அவருடைய வங்கி கொடுக்கும் உறுதி) ஈடாக வைத்து, துணி வாங்க இன்னொரு கடன் உறுதிக் கடிதம் திறக்கும் முறையை வங்கிகள் ஏற்றுக்கொண்டன. ஏற்றுமதிக்கான துணிக்குச் சுங்கவரி கட்டாமல், பூட்டிய கிடங்கில் வைத்து எடுத்துக்கொள்ளும் வசதியையும் அரசு கொடுத்தது. பூசானில் கற்ற தையலும், டாக்காவில் மாறிய இந்த இரண்டு விதிகளும் சேர்ந்தே வேலை செய்தன. ஒன்று இல்லாமல் மற்றொன்றால் பயன் இருந்திருக்காது. கொரியக் கம்பெனிகளும் போட்டி வந்துவிட்டதே என்று ஓடவில்லை. சிட்டகாங்கில் கொரிய ஏற்றுமதி வளாகம் என்று ஒன்றே இருக்கிறது.

பாகங்களில் இவ்வளவு சதவீதம் உள்நாட்டில்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன?

உலக வர்த்தக அமைப்பு 1995-ல் தொடங்கியபோதே, வர்த்தகம் சார்ந்த முதலீட்டு நடவடிக்கைகள் பற்றிய ஒப்பந்தமும் வந்தது. உள்நாட்டுப் பாகத்தைக் கட்டாயமாக்கும் நிபந்தனைகளை அது தடுக்கிறது. அதற்கு முன்னால் வளர்ந்த பல தொழில்கள் அப்படிப்பட்ட நிபந்தனைகளின் நிழலில்தான் வளர்ந்தன என்பதும் உண்மை.

இந்தியாவில் மாருதி உத்யோக் 1982-ல் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம் போட்டபோது சுசுகியின் பங்கு 26 சதவீதம். 1983 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. ஆரம்பத்தில் பெரும்பாலான பாகங்கள் ஜப்பானிலிருந்து பெட்டியில் வந்து, இங்கே பொருத்தப்பட்டன. உள்நாட்டுப் பாகத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. ஆனால் சட்டம் மட்டும் பாகத்தைச் செய்து கொடுக்காது. மாருதி பல சப்ளையர் நிறுவனங்களில் தானே பங்கு எடுத்தது, ஜப்பானியப் பாகக் கம்பெனிகளை உள்ளூர்க் குடும்பங்களோடு ஜோடி சேர்த்தது. 2002-ல் சுசுகியின் கைக்குப் பெரும்பான்மைப் பங்கு போனது. இன்று சுசுகி நிறுவனத்துக்கு இந்தியா இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை என்ற அளவுக்கு நிலைமை மாறியிருக்கிறது. இரண்டு பக்கமும் விட்டுப் போக முடியாத நிலை வரும்போதுதான் உறவு சமமாகிறது.

நிபந்தனை போட முடியாத இன்றைய காலத்தில் அரசுகள் செய்யக்கூடியது, உள்ளூர் சப்ளையர் தயாராவதற்கான செலவைத் தாங்குவது: சோதனைக்கூடம், பயிற்சி நிலையம், குறைந்த வட்டிக் கடன். சட்டத்தைவிட இது மெதுவான வழி. ஆனால் ஆயுசு கெட்டி.

லாபத்தை எல்லாம் வெளியே கொண்டுபோய்விடுகிறார்களே?

கொண்டுபோகத்தான் செய்வார்கள், அதற்காகத்தானே போட்டார்கள். பார்க்க வேண்டியது, எப்படிப் போகிறது என்பது. ஈவுத்தொகையாக, வரி கட்டிய பிறகு போனால் அது நியாயமான போக்கு. தாய் நிறுவனத்திடமிருந்து பாகத்தை அநியாய விலைக்கு வாங்கியதாகக் காட்டியோ, பெயருக்கு ராயல்டி என்று எழுதியோ போனால் அது வரி ஏய்ப்பின் இன்னொரு பெயர். இதைப் பிடிக்க விலைமாற்ற விதிகள் இருக்கின்றன. விதி இருந்தால் போதாது, அதைப் புரிந்துகொண்டு கணக்கைத் துருவும் அதிகாரிகள் வேண்டும்.

ஒரு பங்கு லாபம் போகாமல் அங்கேயே மறுமுதலீடாகத் தங்கும். முதலீட்டுப் புள்ளிவிவரத்தில் அதுவும் தனியாக எண்ணப்படுகிறது. புதுப் பணம் வருவது நின்ற பிறகும் இந்த மறுமுதலீடு தொடர்கிறதா என்று பாருங்கள். வந்தவர் தங்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்பது அதில் தெரியும்.

முதலீடு செய்யும் நாட்டுக்கு நஷ்டம் இல்லையா? அங்கே வேலை போகிறதே?

போகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆலை வெளியே போய் உள்ளூர் காலியாவதைக் குறிக்க ஜப்பானில் கூடோகா என்று ஒரு சொல்லே புழங்குகிறது. வெறுமையாதல் என்று பொருள். ஆனால் இன்னொரு பக்கமும் சேர்ந்தே நடக்கிறது. வெளியே போன ஆலைக்கு இயந்திரமும் நுணுக்கமான பாகங்களும் தாய்நாட்டிலிருந்துதான் போகின்றன. 2011-க்குப் பிறகு பல ஆண்டுகள் சரக்கு வர்த்தகத்தில் பற்றாக்குறை காட்டிய ஜப்பான், வெளிநாடுகளோடு நடக்கும் சரக்கு, சேவை, வருமானம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நடப்புக் கணக்கில் உபரியோடு நின்றதற்குக் காரணம் வெளிநாட்டு முதலீடுகளிலிருந்து வந்த வருமானம். நாட்டுக் கணக்குக்கு இது நல்லது. ஆலை மூடிய ஊரில் ஐம்பது வயதில் வேலை இழந்தவருக்கு அந்தக் கணக்கால் என்ன ஆறுதல்? அவருக்கு மறுபயிற்சியும் ஓய்வூதியப் பாதுகாப்பும் தராத அரசு, நாளைக்கு எல்லையை மூடு என்ற கோஷத்துக்குத் தானே ஆள் சேர்த்துக் கொடுக்கிறது.

முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் கட்டாயம் வேண்டுமா?

கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். 1959 நவம்பரில் மேற்கு ஜெர்மனியும் பாகிஸ்தானும் போட்டதுதான் இந்த வகையில் முதல் இருதரப்பு ஒப்பந்தம். இன்று உலகில் இப்படி 2,000-க்கும் மேல் இருக்கின்றன. சொத்தைப் பறிக்க மாட்டோம், பறித்தால் இழப்பீடு தருவோம், தகராறு வந்தால் பன்னாட்டு நடுவர்களிடம் போகலாம் என்பவைதான் சாரம். உலக வங்கிக் குழுமத்தின் நடுவர் மையம் 1966-லிருந்து இதற்காக இயங்குகிறது.

சிக்கல் அந்தக் கடைசி உரிமையில் இருக்கிறது. சிகரெட் பெட்டியில் கம்பெனியின் சின்னம் போடக் கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டபோது, பிலிப் மோரிஸ் நிறுவனம் ஹாங்காங்கோடு இருந்த ஒப்பந்தத்தைக் காட்டி நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. வழக்கு 2015-ல் தள்ளுபடியானது என்றாலும், மக்களின் உடல்நலத்துக்காகப் போட்ட சட்டத்துக்கு வருஷக்கணக்கில் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதன் பிறகு பல நாடுகள் பழைய ஒப்பந்தங்களை மறுபடி எடுத்துப் படித்தன. தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா, இந்தியா ஆகியவை பலவற்றை முடித்துக்கொண்டன. ஆலைக்கு அன்றாடம் உதவுவது இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தமும், ஒரு நாட்டின் தரச் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதும்தான். இவற்றில் கையெழுத்துப் போடும்போது புகைப்படக்காரர்கள் வருவதில்லை.

வரிச் சலுகை கொடுத்தால்தானே வருவார்கள்?

சலுகைக்காக மட்டும் வந்தவர் அடுத்த சலுகைக்குப் போய்விடுவார். மின்சாரம், துறைமுகம், பயிற்சி பெற்ற ஆட்கள், சொன்ன சொல்லை மாற்றாத அரசு, இவை நான்கும் இருக்கும் இடத்தில் சலுகை ஒரு கூடுதல் சர்க்கரை. 2007-ல் டாஞ்சியர் மெட் துறைமுகம் திறந்த பிறகுதான், 2012-ல் மொராக்கோவில் பிரெஞ்சுக் கார் கம்பெனியான ரெனோவின் பெரிய ஆலை வந்தது. தொழிலாளர்களுக்கான பயிற்சி நிலையத்துக்கும் அரசு பணம் போட்டது. சில ஆண்டுகளிலேயே மொராக்கோவின் ஏற்றுமதியில் கார்கள் பாஸ்பேட்டை முந்தின.

2021-ல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள், பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்பதை ஏற்றுக்கொண்டதால், பூஜ்ய வரி என்ற தூண்டிலுக்கு முன்பிருந்த வலு இப்போது இல்லை.

இதில் விசா எங்கே வருகிறது?

நடு மையத்தில் வருகிறது. மோல்டைப் பொருத்த வரும் அந்த டெக்னீஷியனை மறந்துவிடாதீர்கள்.

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஹூண்டாயும் எல்ஜி எனர்ஜி சொல்யூஷனும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் நுழைந்தார்கள். சுமார் 475 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். கையில் விலங்கோடு வரிசையில் நின்ற அவர்களின் படம் சியோலில் எல்லாத் திரைகளிலும் ஓடியது. ஒரு வாரம் கழித்துத் தனி விமானத்தில் ஊர் திரும்பினார்கள். முதலீடு செய்யுங்கள் என்று அழைத்த அதே நாடு, இயந்திரத்தை நிறுவி ஓடவைக்க வரும் ஆட்களுக்கு ஏற்ற விசா வகையை வைத்திருக்கவில்லை. அதன் பிறகுதான் இரு நாடுகளும் விசா பற்றிப் பேச உட்கார்ந்தன.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம். அயுத்தயா பக்கம் தொழிற்பேட்டைகள் மூழ்கின. ஹோண்டா ஆலையில் புதுக் கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன. ஹார்டு டிஸ்க் பாகங்கள் கிடைக்காமல் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் தொழில் திணறியது. அப்போது ஜப்பான், அங்குள்ள ஜப்பானிய ஆலைகளில் வேலை பார்த்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் தற்காலிகமாக ஜப்பானுக்கே வந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயத்தில் அவ்வளவு இறுக்கமான நாடு கதவைத் திறந்தது, அந்தத் தொழில் அந்தக் கைகளில்தான் இருந்தது என்பதால். இரு நாட்டு உறவு என்று பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அரசியல் சண்டை வந்தால் ஆலை காப்பாற்றுமா?

சண்டையின் விலையைக் கூட்டும். சண்டையைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. 2017-ல் அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்றைத் தன் மண்ணில் கொரியா நிறுவ விட்டதற்காகச் சீனாவில் கோபம் கிளம்பியபோது, அங்கேயே ஆலை வைத்து அங்கேயே ஆள் வைத்துச் செய்த ஹூண்டாய் கார்களின் விற்பனையும் சரிந்தது.

பிரிட்டனில் வேறு மாதிரி நடந்தது. நிலக்கரியும் கப்பல் கட்டுதலும் ஓய்ந்துகொண்டிருந்த சண்டர்லேண்டில் 1986-ல் நிசான் ஆலை திறந்தது. ஐரோப்பியச் சந்தைக்கு வாசலாக இருக்கும் என்பதுதான் அதன் கணக்கு. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று வாக்கெடுப்பில் முடிவானதும், தன் நாட்டு நிறுவனங்களின் கவலைகளைப் பட்டியலிட்டு ஜப்பான் அரசு செப்டம்பரில் வெளிப்படையாகவே ஒரு ஆவணம் வெளியிட்டது. வழக்கமாக மென்மையாகப் பேசும் அரசு அது. அங்கே அவர்கள் பணமும் ஆட்களும் இருந்ததால் பேசும் உரிமை இருந்தது.

நெருங்கிய கூட்டாளிகள் என்பதும் போதாது. ஜப்பானின் நிப்பான் ஸ்டீல், அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீலை வாங்குவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. தேசப் பாதுகாப்பு என்று சொல்லி 2025 ஜனவரியில் ஒரு அமெரிக்க அதிபர் தடுத்தார். ஜூன் மாதம் அடுத்த அதிபர், முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமை தரும் ஒரு தங்கப் பங்கை அரசு கையில் வைத்துக்கொண்டு அனுமதித்தார்.

சின்ன நாடு ஒரே பெரிய கம்பெனியை நம்பி நின்றால்?

கோஸ்டாரிகா நின்றது, தடுமாறியது, எழுந்தது. 1990-களின் பிற்பாதியில் இன்டெல் அங்கே சிப் பொருத்தும் ஆலையைத் தொடங்கியதும் நாட்டின் ஏற்றுமதியில் வாழைப்பழத்தையும் காப்பியையும் அது பின்னுக்குத் தள்ளியது. 2014-ல் இன்டெல் அந்தப் பிரிவை ஆசியாவுக்கு மாற்றியபோது சுமார் 1,500 பேருக்கு வேலை போனது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் தொழில்நுட்பக் கல்லூரிகளின் பாடங்கள் மாறியிருந்தன, ஆங்கிலம் தெரிந்த டெக்னீஷியன்கள் உருவாகியிருந்தார்கள். மருத்துவக் கருவிக் கம்பெனிகள் அவர்களைத் தேடி வந்தன. இன்று அந்நாட்டின் மிகப் பெரிய ஏற்றுமதிச் சரக்கு மருத்துவக் கருவிகள். இன்டெல்லின் பொறியியல் மையமும் போகாமல் அங்கேயே இருந்தது.

இரண்டு அரசுகளே சேர்ந்து தொழிற்பேட்டை கட்டினால் நல்லதா?

சிங்கப்பூரும் சீனாவும் 1994-ல் சீனாவின் சூச்சோ நகரத்தில் கட்டின. உள்ளூர் அதிகாரிகள் பக்கத்திலேயே தங்கள் சொந்தத் தொழிற்பேட்டையைப் போட்டியாக வளர்த்தார்கள். 65 சதவீதம் வைத்திருந்த சிங்கப்பூர்த் தரப்பு 2001-ல் 35 சதவீதத்துக்கு இறங்கியது. உள்ளூர்க்காரர்களுக்குப் பெரும்பான்மை கிடைத்த பிறகு பேட்டை நன்றாக வளர்ந்தது. தலைநகரங்களில் போட்ட கையெழுத்து, நிலத்தைக் கையில் வைத்திருப்பவரைக் கட்டாது.

நான் ஒரு சிறு உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். இப்படிப்பட்ட ஆலைக்கு சப்ளையராக முடியுமா?

முடியும், ஆனால் நேராக ஆலையின் கேட்டுக்குப் போகாதீர்கள். அதற்குப் பாகம் கொடுக்கும் முதல் அடுக்கு சப்ளையருக்கும் பாகம் கொடுப்பவர்கள் இருப்பார்கள், அங்கே தொடங்குங்கள். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றை முதலில் வாங்குங்கள். கார் தொழில் என்றால் பிறகு ஐஏடிஎஃப் 16949 கேட்பார்கள். விலையைக் கேட்பதற்கு முன் பதிவேடுகளைத்தான் கேட்பார்கள்: எந்த லாட் இரும்பு, எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் அளந்தார், அளவுகோலை எப்போது சரிபார்த்தீர்கள். சாம்பிள் ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பணம் வராது. அந்த இடைவெளியைத் தாங்கும் அளவுக்குக் கையிருப்போ, வங்கியின் நடைமுறை மூலதனக் கடனோ இல்லாமல் இறங்காதீர்கள். நல்ல பட்டறைகள் பல அந்த இடத்தில்தான் மூடிப்போயின.

முதல் ஆடிட்டில் குறைகள் எழுதுவார்கள். இருபது, முப்பது கூட வரும். மனம் உடைய வேண்டாம். குறை எழுதிக் கொடுப்பவர் மறுபடி வருவார். ஒன்றும் எழுதாமல் கை குலுக்கிவிட்டுப் போனால்தான் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் காரணம், செய்த திருத்தம், தேதி எல்லாம் எழுதி, படத்தோடு திருப்பி அனுப்புங்கள். அவர்களுடைய தரப் பிரிவு ஆளின் மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள், குறிப்பாக பிசிறு, கீறல், நெளிவு, மறுபடி, சரி.